ஐந்து பூட்டும் ஒரு குப்பைக்கூடையும்

இன்று காலை ஜங்ஷனில் ஆமவடை வாங்கினேன். சுற்றிக் கொடுத்த தாளில் எண்ணெய் ஊறி, அச்சு மை வாசனையும் வடை வாசனையும் கலந்து வந்ததும் உம்ம நினைப்பு வந்துவிட்டது வே. செத்த நண்பரை நினைத்தால் கண் கலங்க வேண்டும். எனக்குப் பல்தான் நறநறத்தது.

நம் அச்சகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த வருஷம், அரையாண்டுத் தேர்வுக் கேள்வித்தாள் அச்சடிக்கும் வேலையும் வந்தது. நீர் மேனேஜர். நான் பைண்டிங்கில் பசை தடவுகிறவன். கேட் சாவியும் என்னிடம். எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்த மேதை நான். "அஞ்சு பூட்டு போட்டிருக்கேன் வே, எமனே வந்தாலும் நம்மகிட்ட சாவி கேக்கணும்" என்று நெஞ்சு நிமிர்த்துவீர்.

கணக்குக் கேள்வித்தாள் தேர்வுக்கு முன்னாலேயே வெளியே போனது. "சாவி உம்மகிட்டதான வே இருக்கு? சட்டையைக் கழத்தும்" என்றீர். கழற்றினேன். பனியனில் மூன்று ஓட்டை. எல்லாரும் பார்த்தார்கள், அது போகட்டும். தூக்குவாளியில் சோறு கொண்டுவந்த என் மகளும் பார்த்தாள்.

கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தவள் அவள். அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளை விரித்தாள்.

"கேள்வித்தாள் ஒரு புள்ளி, தெரு ஒரு புள்ளி. நடுவுல அது கை மாறுத ஒவ்வொரு ஆளும் ஒரு புள்ளி. யாருகிட்ட இருந்து யாருகிட்ட போகும்னு கோடு போடுங்கப்பா. பூட்டை எண்ணாதீங்க, வழியை எண்ணுங்க. எந்த வழியில பூட்டு கம்மியோ, மொத்தக் காவலும் அவ்வளவுதான்."

போட்டேன். என் புள்ளி மட்டும் இட்லி அளவுக்கு வந்துவிட்டது, கை அப்படி. கேட் வழியில் ஐந்து பூட்டு. இன்னொரு வழி, நீர் பிழை திருத்திக் கசக்கிப் போட்ட தாள்: உம்ம மேசை, குப்பைக்கூடை, பெருக்குகிற அம்மா, டீக்கடை, தெரு. பூட்டே இல்லை! என் புள்ளியை அழித்தாலும் அந்த வழி அப்படியே இருந்தது. உம்ம புள்ளியை அழித்தால் அறுந்தது. ஓடிப்போய் டீக்கடையில் வடை மடிக்கும் தாள் கட்டைக் கிளறினேன். கணக்குத் தாள், உம்ம சிவப்பு மையோடு.

முதலாளி முன்னால் படத்தை விரித்ததும் சிரித்தீர்.

"என்னவே, மார்கழிக் கோலமா?"

"ஆமா வே. உம்ம மேசையில ஆரம்பிச்சு தெரு வரைக்கும் போட்டிருக்கேன்."

சிவப்பு மையைப் பார்த்த முதலாளி, இனிக் கழிவுத்தாளை நீரே எரிக்க வேண்டும் என்றுவிட்டார். இரண்டு வருஷம் தினமும் பக்கத்தில் போய் நின்றேன். "பைய வே, மீசை கருகிரும்" என்பேன். என்ன சுகம்! ஆனால் என் மகளைக் கூப்பிட்டு, "உங்கப்பா எடுக்கலம்மா" என்று ஒரு வார்த்தை நீர் சொல்லவில்லை. சொல்லாமலே போய்ச் சேர்ந்தீர்.

போன வாரம் உம்ம இரங்கல் கூட்டத்தில், பழைய நண்பர் என்று என்னிடம் மைக்கைக் கொடுத்தார்கள். உம்ம படத்தைப் பார்த்துச் சொன்னேன்: "நல்ல மனுஷன். என்னைத் திருடன்னு சொன்னாரு. நான் எடுக்கலை."

உம்ம அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்தார். "செத்தவன்கிட்ட என்ன வே வழக்கு?"

கடைசி வரிசையில் என் மகள் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

நான் செய்தது பாவம்தான். இருக்கட்டும், அந்தப் பாவத்தை நான் சுமக்கிறேன். பழியை நீர் எடுத்துக்கொண்டு போம்.