குளிர் ஊதும் பெட்டி

ஜனவரி 12, திங்கள்

வீட்டைச் சூடாக்கும் பெட்டி வெளியேயும் சூடாகத்தான் ஊதும் என்று நினைத்து, அம்மா மோர்மிளகாய்த் தட்டை வெப்பப் பம்பியின் விசிறிக்கு முன்னால் வைத்துவிட்டார். மிளகாய் உறைந்து கல்லாகிவிட்டது.

“அது வெளிக்காற்றில இருக்கிற சூட்டை எடுத்து உள்ள தருதம்மா. வெளியால குளிரைத்தான் ஊதும்.”

“பனிக்குள்ள சூடோ? விசர்க்கதை கதையாதை!”

பம்பியைச் சரிபார்க்க வந்திருந்த பெண் என்ன பேச்சு என்று கேட்டாள். ஜெர்மன் மொழியில் விளக்கினேன். “எங்களிடம் தொழில் பழக வருகிறாயா?” என்றாள்.

பள்ளியை விட்டபின் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. குனிந்து மிளகாய்த் தட்டை எடுத்தேன். தொலைபேசி எண்ணை எழுதித் தந்துவிட்டுப் போய்விட்டாள்.

இப்போது ஜன்னலைப் பார்த்து, வாறன் என்று மெல்லச் சொல்லிப் பார்க்கிறேன். கண்ணாடியில் மூச்சு படர்கிறது. கனவில் ஒருதரம் ஜெர்மன் மொழியில் சொல்லிவிட்டால் காலையில் அந்த எண்ணுக்கு அழைத்துவிடுவேன்.