விலகச் சொன்னார்கள், அப்பா

அப்பா,

இன்று காலை ஹட்டன் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து நின்றவரின் சுவெட்டரில் தேயிலைத் தூள் மணந்தது. தொழிற்சாலையில் வேலை முடிந்து வருகிறார் போலும். அது உங்கள் மணம். இறங்க வேண்டிய இடம் தாண்டியும் நான் இறங்கவில்லை.

அம்மா என்னைக் கைக்குழந்தையாக விட்டுப் போன பிறகு உங்கள் நெஞ்சில்தான் நான் தூங்கி வளர்ந்தேன். நீங்கள் வேலை விட்டு வந்ததும் முகம்கூடக் கழுவ விடமாட்டேன். அந்தப் பழைய கறுப்புக் கோட்டுக்குள் புகுந்துகொள்வேன். தாடையை என் உச்சந்தலையில் வைத்தபடியே தேத்தண்ணி குடிப்பீர்கள். ஒவ்வொரு மிடறும் உங்கள் தொண்டையில் இறங்குவது எனக்குக் கேட்கும்.

நான் பெரிய பிள்ளையானேன். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்றே, தோட்டத் தொழிலாளர் லயத்தில் எங்கள் அறைக்குப் பக்கத்துக் காம்பராவில் இருந்த அத்தை உங்களிடம் சொல்லிவிட்டார்.

"இனிமே புள்ளய ஒட்டவிடாத தம்பி. பாக்குறவங்க ஒரு மாதிரி பேசுவாங்க."

நீங்களும் பயந்துபோனீர்கள். என் பாயைத் தள்ளிப் போட்டீர்கள். நான் கிட்டே வந்தால் ஏதோ வேலை இருப்பதுபோல எழுந்து போனீர்கள். என்ன தப்புச் செய்தேன் என்று கேட்கத் தெரியாமல் போர்வைக்குள் அழுதேன்.

பிறகு ஒரு காலை. பொகவந்தலாவை பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்றோம். மழை. பள்ளிக்கூடச் சட்டை நனைந்து நான் நடுங்கினேன். என்னைப் பார்த்தீர்கள். கடைக்குப் போக வந்து நின்ற அத்தையையும் பார்த்தீர்கள். கோட்டுப் பொத்தான்களைக் கழற்றினீர்கள்.

"வா பாப்பா."

"தம்பி, வயசுக்கு வந்த புள்ள!"

"குளிருக்கு வயசு தெரியுமாக்கா? எம்புள்ள எனக்கு எப்பவும் புள்ளதான். பேசுறவங்க பேசட்டும்."

அங்கே நின்ற எல்லோரும் பார்த்தார்கள். நீங்கள் தலை குனியவில்லை. உங்கள் இதயம் மட்டும் கோட்டுக்குள் என் காதருகே வேகமாக அடித்தது.

போன வருடம் உங்கள் சவப்பெட்டியைத் தூக்க ஆண்கள் குனிந்தபோது, நானும் ஒரு மூலையில் கைவைத்தேன். தப்பு மேளச் சத்தம் நின்றுவிட்டது.

"பொம்பளங்க வாசலோட நிக்கணும்மா. அதான் முறை" என்றார் தோட்டத் தலைவர்.

அத்தை என் கையைப் பிடித்து இழுத்தார். "ஊரு சிரிக்கும்டி, விடு!"

"சிரிக்கட்டும் அத்த. என்னத் தூக்கி வளத்தவர நான் தூக்குறேன். கைய எடுங்க."

எடுத்தார். தேயிலைக்கு நடுவே ஏறும் பாதை வழுக்கியது. தோள் தோலுரிந்து எரிந்தது. மாற்றிக்கொள்ள வந்தவர்களிடம் நான் கொடுக்கவில்லை. குழியருகே கடைசியாக முகம் பார்க்க மூடியைத் திறந்தார்கள். எல்லோரும் பார்க்க, குனிந்து என் கன்னத்தை உங்கள் கன்னத்தில் வைத்தேன். சவரம் செய்யாத கன்னம் குத்தியது.

இன்னும் பேசுகிறார்கள். நல்ல காரியங்களுக்குச் சிலர் என்னைக் கூப்பிடுவதில்லை. வேண்டாம், கூப்பிடாமலே இருக்கட்டும். மண் மூடுமுன் உங்களைக் கடைசியாகத் தொட்டவள் நான். அதை என்னிடமிருந்து எந்த முறையாலும் பிடுங்க முடியாது, அப்பா.