மூக்கு கடலைப் பார்க்க இறங்கிய பி-52

மக்கா, நீ தெர்மோகோலில் செய்த பி-52 குண்டுவிமானம் பறந்துவிட்டது, அதுவும் பொழியூர்க் கடற்காற்றில், பறந்து உடையாமல் இறங்கியும்விட்டது!

கையில் இன்னும் மீன்பெட்டி வாடை. அந்தப் பெட்டிகளில்தானே நீ இறக்கை வெட்டுவாய்! "நல்ல ஷீட் வாங்குவோம்லே" என்பேன். "இது மீன் சுமந்த சாதனமாக்கும், பாரம் தாங்கும்" என்பாய்.

குண்டுவீச்சு விமானங்களைப் பற்றி இணையத்தில் ஆங்கிலத்தில் முட்டிக்கொண்ட இருவரில் நான் தனுவச்சபுரம், நீ பக்கத்திலேயே பொழியூர் என்று தெரிந்த அன்று எப்படிச் சிரித்தோம்! சண்டை மட்டும் நிற்கவில்லை. இறக்கை விறைப்பாக இருக்க வேண்டும் என்றேன். "எலே, எண்ணெ முக்காலும் எறக்கைக்குள்ளதான் கெடக்கு. தரையில தொங்கும், மேல போனா வில்லு மாதிரி வளையும்" என்றாய். தொங்கும் நுனி உரசாமல் இருக்க அங்கே குட்டிச் சக்கரம். பெரிய சக்கரங்கள் உடம்புக்கடியில் முன்னும் பின்னும், நடு வயிறு முழுக்கக் குண்டுக்கு. என்ன மூளை!

நம் விமானங்களோ கடலோரச் சாலையில் பக்கக் காற்று அடித்து, இறங்கும்போதெல்லாம் கவிழ்ந்தன. "பி-52 மூக்கைக் காத்துக்குக் காட்டிட்டே எறங்கும்லே. சக்கரம் மட்டும் ரோட்டுக்கு நேரே திரும்பும்" என்றாய். அந்தத் திரும்பும் சக்கரத்தை நீ முடித்த வாரம்தான் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது.

நீ செய்தவற்றில் உடையாமல் மிஞ்சியது இது ஒன்றுதான். ரிமோட்டைத் தொடவே பயந்தேன். உன் அம்மாதான் விமானத்தைத் தூக்கிவந்து சாலையில் வைத்தார். "பறத்து மக்கா. மூலையில வச்சு நான் பாத்துட்டு இருக்கவா?"

மூக்கைத் தூக்காமல், நிஜ பி-52 போலவே மட்டமாக எழும்பியது. இறக்கும்போது மூக்கைக் கடல் பக்கம் திருப்பினேன். வலை உலர்த்திக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர், "எலே, கோணலா வருது, நேரே பிடிலே!" என்று கத்தினார். நேராக்கிவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். ஆனால் உன்னை நம்பினேன். மூக்கு கடலைப் பார்க்க, சக்கரம் சாலையோடு ஓடி நின்றது. அந்த நம்பிக்கை இனி என் விரலைவிட்டுப் போகாது.

அம்மா வயிற்றுக் கதவைத் திறந்து பார்த்தார்.

"நெசத்துல ஆளுவ இதுலயா குண்டு வைப்பினும்?"

"ஆமா அம்மா."

"நம்ம மிட்டாய் வைப்போம்."

எனவே இதை வாசிக்கிற எல்லாரும் தேவாலயப் பங்குத் திருநாளன்று பிள்ளைகளோடு பொழியூர் வாருங்கள், நண்பர்களுக்கும் சொல்லுங்கள். விமானம் மேலிருந்து மிட்டாய் கொட்டிவிட்டுக் கோணலாகத்தான் இறங்கும். பயந்து கத்தாதீர்கள். அவன் அப்படித்தான் செய்துவைத்திருக்கிறான்.