தகரம் தட்டும் வம்சம்

12-8-1974, திங்கள். சின்னக்கானல்.

நேற்று யானை மிதித்த என் மகன் செல்வத்தின் காலை இன்று முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

தகரம் தட்டினால் யானை ஓடும் என்று அவனுக்குக் காட்டியவன் நான்தான். முன்பொரு நாள் எஸ்டேட் லயத்து வீட்டு வாழையைத் தின்று முடித்துத் தானாகத் திரும்பிய யானையை நான் விரட்டியதாக நானே நம்பியிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் மகள் சொன்னாள்: “குரங்குகூட மயிரைச் சிலுப்பிப் பெருசாக் காட்டுமாம்ப்பா. எதிராளி பயந்து ஓடிட்டா பழம் அதுக்குத்தான். அதோட குட்டிகதான் பெருகுமாம். டீச்சர் சொன்னாங்க.”

“அந்த வம்சந்தாம்மா நாம. வாலு மட்டும் இல்ல,” என்றேன். அவள் சிரிக்கவில்லை.

மாலையில் செல்வம் கண் விழித்தான்.

“தகரம் சிறுசுப்பா. பெருசா இருந்தா ஓடியிருக்கும்.”

“ஆமாய்யா,” என்றேன். ஆறுதலுக்குச் சொல்லவில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.