மீன் எண்ணெய் வாசத்தில் ஒரு அம்பாசடர்

மரக்காணம்,
14.6.1998

அஸ்வினி அப்பாவுக்கு வடிவு எழுதுவது.

இங்கே நானும் உங்கள் மகளும் உங்கள் அப்பாவும் சுகம். மஸ்கட் வெயிலில் நீங்கள் எப்படி இருக்கிறீர்களோ என்பதுதான் கவலை.

உங்கள் கடிதம் வந்தது. கடலோரத்தில் நிற்கிற வண்டி இந்நேரம் துருப்பிடித்திருக்கும், வந்த விலைக்குத் தள்ளிவிடு, நான் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊருக்கு வந்து டாக்சி ஓட்டத்தானே அதை வாங்கி நிறுத்திவிட்டுப் போனீர்கள்?

நீங்கள் சொன்ன எதையும் நான் விடவில்லை. ஞாயிறு தவறாமல் உங்கள் சிநேகிதர் பார்த்திபன் வந்து ஸ்டார்ட் செய்து, கடைத்தெரு வரை ஓட்டிவிட்டு வருகிறார். ரேடியேட்டர் தண்ணீர், பேட்டரித் தண்ணீர், டயருக்குக் காற்று எல்லாம் கூடவே நின்று பார்க்கிறேன். என் உடம்பை யாரும் இப்படிப் பார்த்ததில்லை.

ஆனால் வண்டியில் ஒரே மீன் நாற்றம். குப்பத்தில் இது என்ன புதிதா என்று விட்டுவிட்டேன். தெருப் பூனையெல்லாம் அதன் அடியில்தான் படுக்கை. போன வாரம் பெண் பார்க்கப் போகிறவர்கள் வாடகைக்குக் கேட்டு வந்து, ஏறிய வேகத்தில் இறங்கிவிட்டார்கள். அஸ்வினிதான் கருவாட்டை ஒளித்து வைத்தாள் என்று அவளுக்கு இரண்டு அடி வேறு வைத்தேன். பாவம், குழந்தை.

விற்பதற்கு முன் காட்டிவிடலாம் என்று பார்த்திபனோடு திண்டிவனம் மெக்கானிக்கிடம் போனேன். அவர் அடியில் புகுந்து பார்த்துவிட்டு, விரலை முகர்ந்துகொண்டே வெளியே வந்தார். "யாரும்மா இதுக்கு மீன் எண்ணெ பூசிக்கினு இருக்கறது? இது என்னா படகா?" என்று சிரித்தார். கடலோர வண்டியில் இவ்வளவு சுத்தமான அடித்தகட்டைப் பார்த்ததே இல்லை, துரு ஒரு பொட்டு கிடையாது என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் உங்கள் அப்பாவைக் கேட்டேன். படகுக்குப் பூசியதில் மிச்சம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானா விடுவேன்? கடைசியில், "கடக்காத்துல உன் இரும்பு ரெண்டு வருசம் தாங்காதுன்னு கோவத்துல அவன்கிட்ட சொல்லிட்டேம்மா. அது பலிச்சிடக் கூடாதுன்னுதான் பூசிக்கினு வர்றேன்" என்றார். படகை விட்டுவிட்டு வண்டி வாங்கினீர்கள் என்று உங்களோடு பேச்சையே நிறுத்தினாரே, அதே மனிதர்தான். அறுபத்தைந்து வயதில் மணலில் மல்லாந்து படுத்துப் பூசியிருக்கிறார்.

அதனால் வண்டியை நான் விற்கப் போவதில்லை. நீங்கள் கோபித்துக்கொண்டாலும் சரி. அங்கே கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் இல்லாமல் இன்னும் இரண்டு வருஷம் என்னால் முடியாது.

பதில் எழுதும்போது அப்பாவுக்கு என்று தனியாக நாலு வரி எழுதுங்கள், நான் படித்துக் காட்டுகிறேன். தபால்காரர் வருகிற நேரத்துக்குத் தினமும் வாசலில் வந்து நிற்கிறார். கேட்டால், வலை காய்கிறதா என்று பார்க்கிறாராம்.

சோப்புத் தண்ணீர் அடித்து நாற்றத்தைப் போக்கித் தருகிறேன் என்று மெக்கானிக் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். நீங்கள் வந்து ஒரு தடவை முகர்ந்து பாருங்கள், பிறகு கழுவிக்கொள்ளலாம்.

எல்லையம்மன் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

வழி பார்த்திருக்கும்,
வடிவு