இரவல் போனவள், ஓடிப்போனவள் அல்ல

அனுப்புநர்:
த. கிருபாராணி,
சொந்த ஊர்: பாளையங்கோட்டை, திருநெல்வேலி மாவட்டம்.
தற்சமயம்: திருமதி ஜூடித் சாந்தகுமார் இல்லம்,
ஹேவர்டு, கலிபோர்னியா.

பெறுநர்:
உயர்திரு துணைத் தூதர் அவர்கள்,
இந்தியத் துணைத் தூதரகம்,
சான்பிரான்சிஸ்கோ.

பொருள்: வீட்டு வேலைக்கு அழைத்து வந்த முதலாளியே என்னைப் பிறர் வீடுகளுக்கு அனுப்பிவிட்டு, நான் ஓடிப்போனதாகச் சொன்னது – வியாழக்கிழமை விசாரணைக்கு வேறு மொழிபெயர்ப்பாளரைக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார் என்று ஜூடித் விசாரித்துச் சொன்ன பிறகே இதை எழுதத் துணிந்தேன். இதைத் தங்களுக்குப் படித்துச் சொல்லும் அன்பர், என் வார்த்தைகளைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்ல வேண்டும் என்று முதலில் அவரை வேண்டிக்கொள்கிறேன். காரணம் கீழே வருகிறது.

1. நான் கணவரை இழந்தவள். சென்னை அண்ணாநகரில் திரு. வெங்கடகிருஷ்ணன், அவர் மனைவி திருமதி ஸ்வர்ணா ஆகியோரின் வீட்டில் ஐந்து வருடம் வேலை பார்த்தேன். சென்ற ஆண்டு அவரை அவருடைய கம்பெனி இங்கே கலிபோர்னியாவில் உள்ள சன்னிவேலுக்கு மாற்றியது. அவர்களுடைய இரட்டைக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள என்னையும் அழைத்து வந்தார்கள். விசா கொடுத்த அதிகாரி என்னை எதிரே நிற்க வைத்து, தம் மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு எனக்கு ஒன்றைத் தமிழில் சொல்ல வைத்தார். இவர்களிடம் மட்டும், இவர்கள் குடியிருக்கும் வீட்டில் மட்டும் நான் வேலை செய்யலாம். வேறு வீட்டில் செய்தால் விசா செல்லாது. வெங்கடகிருஷ்ணன் சாரும் அப்போது பக்கத்தில்தான் நின்றார். புரிந்தது என்று எனக்கு முன்னால் தலையாட்டியவர் அவர்தான்.

2. இந்த ஊரில் நம்மவர்கள் இட்லிக் கொப்பரை, பெரிய அண்டா, கிரைண்டர் எல்லாவற்றையும் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கிக்கொள்வார்கள். அந்த அண்டாவோடு என்னையும் காரில் ஏற்றி அனுப்பினார்கள். ஒரு வீட்டில் பிறந்தநாள், இன்னொரு வீட்டில் கிருகப்பிரவேசம், மற்றொரு வீட்டில் விருந்தாளிகள். திரும்பும்போது வெற்றிலை பாக்கோடு ரவிக்கைத் துணி கொடுப்பார்கள். என் பெட்டியில் தைக்காத ரவிக்கைத் துணிகள் நிறைய இருக்கின்றன. அதிகாரி சொன்னதை ஸ்வர்ணா அம்மாவிடம் நினைவுபடுத்தினேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னது இது: "இது வேலை இல்லை ராணி, ஹெல்ப். நம்ம மனுஷாளுக்குப் பண்றதுக்கு விசா எதுக்கு?" அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்தார்.

3. சென்ற மாதம் லிவர்மோரில் இருக்கும் அவர்களுடைய சிநேகிதி திருமதி ஜலஜாவுக்குப் பிரசவமானது. பிரசவம் பார்க்க வரவேண்டிய அவருடைய தாயாருக்கு விசா கிடைக்கவில்லை. தாயாருக்குப் பதிலாக என்னை அனுப்பினார்கள். வெங்கடகிருஷ்ணன் சார் தாமே காரை ஓட்டி, மலை தாண்டிக் கொண்டுபோய் விட்டார். என் பாஸ்போர்ட் அவருடைய பீரோவிலேயே இருந்தது, இன்றும் இருக்கிறது.

4. பச்சைக் குழந்தையைக் காலில் கிடத்தி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, தலைக்குச் சாம்பிராணிப் புகை காட்டுவது நம் வழக்கம் என்பது தங்களுக்குத் தெரியும். ஜலஜா அம்மா அதைத்தான் ஆசையாகக் கேட்டார். நம் ஊர் அடுப்புக்கரி கிடைக்காததால், இறைச்சி சுடுவதற்கென்று கடையில் விற்கும் கரியை வாங்கி வந்தார்கள். அதைத் தோட்டத்தில் பற்றவைத்து, பழைய வாணலியில் உள்ளே கொண்டுவந்து, சாம்பிராணியைத் தூவினேன். கூரையில் இருந்த அபாய மணி அலறத் தொடங்கியது. எங்களில் யாருக்கும் அதை நிறுத்தத் தெரியவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் சன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். தீயணைப்பு வண்டியும், பின்னாலேயே போலீஸ் காரும் வந்துவிட்டன. குழந்தையை நெருப்பின் மேல் பிடித்திருக்கிறேன் என்று அவர்களிடம் சொல்லப்பட்டிருந்தது.

5. குழந்தைக்கு ஒன்றுமில்லை. புகை சுகத்தில் அது தூங்கியே போயிருந்தது. மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு அந்தப் பேச்சு முடிந்தது. ஆனால் நான் யார் என்ற கேள்வி முடியவில்லை. ஜலஜா அம்மா அழுதுகொண்டே வெங்கடகிருஷ்ணன் சாரின் தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். போலீஸ்காரர் பேசினார். சார் என்ன சொன்னார் என்பது, அந்த மனிதர் என்னைத் திரும்பிப் பார்த்த விதத்திலேயே விளங்கிவிட்டது. பிறகு ஜலஜா அம்மா தமிழில் சொன்னார்: சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் போய்விட்டேனாம், தேடிக்கொண்டிருந்தார்களாம். அவருடைய இரண்டு குழந்தைகளையும் தோளில் போட்டு வளர்த்தவள் ஐயா நான். அன்று அந்தக் கூடத்தில் நின்றபோது எனக்கு வந்தது பயமில்லை, அவமானம்.

6. மறுநாளே குடியேற்ற அலுவலகத்திலிருந்து எனக்கு விசாரணைக்கு அழைப்பு வந்தது. சன்னிவேலில் என்னைத் திரும்பச் சேர்க்கவில்லை. சேர்த்தால் அவர் சொன்னது பொய்யாகிவிடும். லிவர்மோரில் இருந்தால் ஜலஜா அம்மாவுக்கும் வம்பு வரும் என்பதால் அங்கும் இருக்க முடியவில்லை. மாதா கோயிலில் பழக்கமான ஜூடித் அழைத்து வந்து தங்க வைத்திருக்கிறார். இங்கே ஒரு தம்ளரைக் கழுவக்கூட அவர் என்னை விடுவதில்லை. "வேண்டாம்க்கா, அதுவும் வொர்க்குன்னு எழுதிடுவாங்க" என்கிறார். அவர் கணவருடைய கிரீன் கார்டு விண்ணப்பம் இன்னும் முடியவில்லை. ஆகவே விசாரணைக்கு என்னோடு வர அவர்களுக்குப் பயம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

7. இனி என் முறையீட்டுக்கு வருகிறேன். விசாரணையில் நான் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்லத் திரு. கஸ்தூரிரங்கன் என்பவரைக் குடியேற்ற அலுவலகத்தார் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். தமிழ்ச் சங்கத்தில் கேட்டு வாங்கிய பெயராம். மரியாதைக்குரியவர், நன்றாகப் பேசுவார். மேலே இரண்டாம் பத்தியில் சொன்ன கிருகப்பிரவேசம் அவர் வீட்டில்தான் நடந்தது. அன்று அவர் வீட்டில் பாத்திரம் தேய்த்தது நான்தான். எந்தெந்த வீடுகளுக்கு அனுப்பினார்கள் என்று அதிகாரி கேட்பார். நான் அவர் பெயரையே சொல்வேன். அதை அவரே ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். சொல்வாரா ஐயா?

8. நான் விதியை மீறவில்லை என்று வாதாட வரவில்லை. வேறு வீட்டில் வேலை செய்தது உண்மை. அதற்காக ஊருக்கு அனுப்பினால் போகிறேன். ஆனால் ஓடிப்போனவள் என்ற பெயரோடு போக மாட்டேன். காரில்லாமல் கடைக்குக்கூடப் போக முடியாத இந்த ஊரில், பாஸ்போர்ட்டும் பாஷையும் இல்லாத ஒருத்தி மலை தாண்டி எப்படி ஓடினாள் என்று அதிகாரி கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்கு என் பதில் என் பதிலாகவே அவர் காதில் விழ வேண்டும். பாளையங்கோட்டையில் என் மகள் ஆசிரியப் பயிற்சி படிக்கிறாள். நான் போவதற்கு முன்னால் அந்தப் பெயர் அவளிடம் போய்ச் சேர்ந்துவிடும்.

ஆகவே, என் பாஸ்போர்ட்டை வாங்கித் தரும்படியும், வருகிற வியாழக்கிழமை காலை விசாரணைக்குத் தங்கள் அலுவலகத்திலிருந்து தமிழ் தெரிந்த ஒருவரை அனுப்பும்படியும் கேட்டுக்கொள்கிறேன். அவர் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். நான் ஒருநாளும் பெருக்கித் துடைக்காத வீட்டிலிருந்து வருகிறவராக இருந்தால் போதும். விசாரித்துப் பார்த்தேன் ஐயா, தங்கள் வீட்டுக்கு மட்டும் என்னை யாரும் அனுப்பியதில்லை. அந்த ஒரே நம்பிக்கையில் எழுதியிருக்கிறேன்.

நாள்: 16.11.1987
இடம்: ஹேவர்டு

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
த. கிருபாராணி
(என் கையால் எழுதி, நானே ஒப்பமிட்டது)