காணிக்கைக் கவரில் வந்த விமானம்

கொல்லயில் கிராமம்
திங்கள்கிழமை

அன்புள்ள மகள் பின்சிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் ஆண்டவர் தயவில் சுகம். நீயும் ஜெர்மனியில் சுகமாக இருக்கிறாய் என்பதை நேற்று ஆலயத்தில் போதகர் வாசிக்கக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர்களில் எழுதியிருந்ததை ஒவ்வொன்றாக வாசித்து வந்தவர், விஜயதாஸ் சார், ரத்னபாய் குடும்பத்தார், மகள் பின்சி தனியாக விமானம் ஓட்டிப் பத்திரமாக இறங்கியதற்காக என்றார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். முன்பே தெரிந்தவனைப் போலத் தலையாட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. வெளியே வந்ததும் அடுத்த வீட்டு யோசுவா, சாரே, மோளுக்க பிளெயினில நமக்கொரு சீற்று கிட்டுமா என்று கேட்டார்.

அம்மாவிடம் விசாரித்த பிறகுதான் முழுதும் தெரிந்தது. ஒரு வருடமாகச் சனிக்கிழமைதோறும் கிளைடர் கிளப்புக்குப் போகிறாய், நாள் முழுக்க மற்றவர்களின் கிளைடரைத் தள்ளி, இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு ஓடி, உன் முறை வரும்போது ஐந்து நிமிடம் பறக்கிறாய், முந்தின வாரச் சனிக்கிழமை ஆசிரியர் இல்லாமல் மூன்று தடவை பறந்தாய். இறங்கியதும் கிளப்காரர்கள் வரிசையில் நின்று உன் பின்புறத்தில் ஆளுக்கொரு தட்டு தட்டி, ஒரு முட்செடிக் கொத்தைக் கையில் தந்தார்களாம், அது அங்குள்ள வழக்கமாம். கிளப்பில் இருக்கும் உன் ஊர்ப் பேக்கரிக்காரரும் தட்டினார் என்று அம்மா சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேக்கரிக்காரருக்குத் தெரிந்து ஒரு வாரம் கழித்துத்தான் எனக்குத் தெரிகிறது. அப்பாவிடம் சொல்லண்டாம் என்று அம்மாவிடம் நீ வாக்கு வாங்கியிருக்கிறாய். பிறகு ஏன் கவரில் எழுதினாய் என்று அவளிடம் கேட்டேன். பிள்ளைக்கிட்ட குடுத்த வாக்க நான் தெற்றிக்கல்ல, ஆண்டவருக்கிட்டயாக்கும் சொன்னேன், அத வாசிப்பாவண்ணு நான் கண்டனா என்கிறாள். நாற்பது வருடமாக அதே ஆலயத்தில் கவர் போடுகிறவள். இன்று காலை யோசுவாவிடம், அதற்கு இஞ்சின் கிடையாது என்று விளக்கினேன். அப்பம் அது ஓட்டுகதல்ல சாரே, மெதுவா விழுகதாக்கும் என்றார். பௌதிகப்படி அவர் சொன்னது சரி.

உன்மேல் கோபப்பட எனக்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. பதினொன்றாம் வகுப்பில் என்.சி.சி. விமானப் பிரிவுக்கான தாளை என் மேசையில் வைத்தாய். நான்கு நாள் வைத்திருந்து, அம்மா பயப்படுவாள் என்று சொல்லிக் கையெழுத்திடாமல் திருப்பித் தந்தேன். அம்மாவிடம் கேட்கவே இல்லை, பயந்தவன் நான்தான். சூடான காற்று மேலெழும்பும் என்று முப்பது வருடம் கரும்பலகையில் எழுதியவன், அதை நம்பி மகளை ஏற்றத் துணியவில்லை. ஆனாலும் இருபது வருடம் கழித்து நான் செய்ததை இப்படித் திருப்பித் தருவாய் என்று எதிர்பார்க்கவில்லை.

நிறுத்து என்று எழுதமாட்டேன், எழுதினாலும் நிறுத்தமாட்டாய். ஏறும் முன் ஒரு செய்தி அனுப்பு, இறங்கிய பின் ஒன்று. இடையிலுள்ள நேரம் நான் பயந்துகொண்டிருக்கிறேன். நான் ஒழுங்காகச் செய்யும் வேலை அது ஒன்றுதான், அதையும் அந்தச் சனிக்கிழமை எனக்கு இல்லாமல் செய்துவிட்டாய். நேரத்தைக் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். நீ தனியாக மேலே இருந்தபோது நான் பனச்சமூடு சந்தையில், நல்ல மரச்சீனிக் கிழங்குதானா என்று ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏறும்போதும் இறங்கும்போதும் ஆண்டவர் உன்கூட இருக்கட்டும். செய்தியை என் நம்பருக்கு அனுப்பு, அம்மாவின் நம்பருக்கு வேண்டாம்.

உன் அப்பா
விஜயதாஸ்